ஒரே வயது, இரண்டு உடம்பு

பங்குத் திருவிழாவின் எட்டாம் நாள் ராத்திரி. மின்னொளி எழுவர் கால்பந்துப் போட்டியில் சிறுவர் பிரிவின் காலிறுதி. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒன்பதாம் நம்பர் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டான். யாரும் இடிக்கவில்லை, பந்தும் அவன் பக்கத்தில் இல்லை. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, முடியல" என்றான். நான் ஓடிப்போய் ஸ்பிரே அடித்தேன், கட்டுப் போட்டேன், திரும்ப உள்ளே அனுப்பினேன். கடைசியில் அவனே கோல் அடித்தான், ஜெயித்தோம். மறுநாள் அரையிறுதியிலும் ஆடினான். அதற்கடுத்த வாரம் அவனால் பள்ளி மாடிப்படி ஏற முடியவில்லை.

குளச்சலுக்கும் நீரோடிக்கும் இடையில் உள்ள ஒரு மீனவ ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். பையன்கள் இன்னும் பள்ளியில் படிக்கிறார்கள், அதனால் அவர்களையும் பனியன் நம்பரை வைத்தே சொல்கிறேன். நான் பகலில் வலைக்கடை பார்க்கிறேன், சாயங்காலம் பயிற்சி. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கு நடத்தும் டி லைசென்ஸ் வகுப்பு முடித்திருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் பாதியைத் திருவிழா விளக்கு வெளிச்சத்தில் மறந்துபோனவன் நான் என்பதும் இந்தக் கதையில் வர வேண்டும்.

எங்கள் கரையில் பந்து பழக யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நடக்கத் தெரிந்தவன் உதைப்பான். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடி, பிறகு ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று இந்தியன் சூப்பர் லீக் வரை போனவர். அவர் பெயரைச் சொல்லி மகனைக் காலையில் எழுப்பிவிடும் அப்பாமார் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் 12, 13 வயதில் அந்தக் கனவுக்கு ஆள் எடுப்பவன் எதைப் பார்த்து எடுக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் 13 வயது அணியில் 22 பேர். ஒன்பதாம் நம்பர் ஜனவரியில் பிறந்தவன். பதினாறாம் நம்பர் அதே வருடம் டிசம்பரில் பிறந்தவன். இந்தியக் கால்பந்தில் வயதுப் பிரிவை ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடுவதால் இரண்டு பேரும் ஒரே பிரிவு. சான்றிதழில் 11 மாத வித்தியாசம். பக்கத்தில் நிறுத்தினால் ஒருவன் 163 செ.மீ., இன்னொருவன் 141. ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது. இன்னொருவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பீடச்சிறுவர் அங்கி தரையில் இழுபடும்.

என் ஆட்டத்திட்டம் எளிமையானது. கோல்கீப்பர் நீட்டி அடிப்பான், ஒன்பது ஓடுவான். எதிரணிப் பையன்கள் அவன் இடுப்புக்கு மேலே கொஞ்சம்தான் இருப்பார்கள். தோளால் ஒரு தள்ளு, அப்புறம் கோல். இரண்டு சீசன் இப்படியே கோப்பைகள் வந்தன. பதினாறு பெஞ்சில் இருந்தான். ஜெயிப்பது உறுதியான பிறகு கடைசி ஐந்து நிமிடம் இறக்குவேன். அவனுக்குப் பந்து வந்தால் உடனே யாருக்காவது தட்டிவிடுவான். "பயந்தாங்கொள்ளி, வச்சு ஆடுடா" என்று கத்தியிருக்கிறேன். தவக்காலம் தொடங்கியபோது அவன் வருவதை நிறுத்திவிட்டான். அவனோடு எப்போதும் சேர்ந்து வரும் நாலாம் நம்பரும் நின்றுவிட்டான். எனக்கு அது தெரியவே மூன்று வாரம் ஆனது. பயிற்சி பனியன் இரண்டு மிஞ்சுகிறதே என்று எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதற்குள் ஒன்பதை நாகர்கோவிலுக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தோம். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். பெயர்தான் பயமுறுத்துகிறது. தொடையின் முன்பக்கத் தசை முட்டிச்சில்லைத் தாண்டி வந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு மேட்டில் பிடித்திருக்கிறது. வளரும் வயதில் அந்த மேடு இன்னும் இறுகவில்லை, பாதி குருத்தெலும்பு. எலும்பு வேகமாக நீளும்போது தசை அதே வேகத்தில் நீளாது, கயிறு இழுத்துக்கட்டியதுபோல நிற்கும். அந்த நேரத்தில் குதிப்பதும் ஓங்கி உதைப்பதும் திடீரென நின்று திரும்புவதும் அந்த மேட்டைப் பிடித்துப் பிடித்து இழுக்கும். வீங்கும், வலிக்கும். இன்னும் கொஞ்சம் சின்னப் பையன்களுக்கு இதே இழுபறி குதிகாலில் நடக்கும், அதற்கு செவர் நோய் என்று பெயர். வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதுவரை சுமையைக் குறைக்க வேண்டும் என்பதுதான் முக்கிய மருந்து.

டாக்டரைப் பார்த்த மறுநாளே அவன் அம்மா பையனை ஒரு வர்ம ஆசானிடமும் கொண்டுபோனார். எங்கள் மாவட்டத்தில் அது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். ஆசான் தடவிப் பார்த்துவிட்டு, "இது வளருத காலு. ஆட்டத்தக் குறைக்கச் சொல்லு" என்று எண்ணெய்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாராம். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னபிறகு எனக்கு ஒளிய இடமில்லை.

சரி, எவ்வளவு ஆடுகிறான் என்று ஒரு நோட்டில் எழுதினேன். விடிகாலையில் குறுவட்டப் போட்டிக்கான பள்ளி அணிப் பயிற்சி. சாயங்காலம் வாரத்தில் நாலு நாள் என் பயிற்சி. அது முடிந்ததும் கடற்கரை மணலில் இருட்டும்வரை அண்ணன்மாரோடு ஆட்டம். சனி, ஞாயிறு பக்கத்து ஊர்த் திருவிழா எழுவர். கூட்டினால் வாரத்துக்கு 17 மணி நேரம் வந்தது. விளையாட்டு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சியும் போட்டியும் கூடாது. மணலாட்டத்தைக் கழித்தாலும் 13ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. அவன் உடம்போ மேலே இழுத்துக்கொண்டிருந்த நேரம். அவன் அம்மா சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் அளவு: "கிறிஸ்துமஸுக்குத் தச்ச பேன்ட், ஈஸ்டருக்குக் கணுக்காலுக்கு மேல ஏறிப்போச்சு."

ஆண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமாக ஏறுவது சராசரியாக 14 வயதையொட்டி. உச்ச வேகத்தில் வருடத்துக்கு 8 முதல் 10 செ.மீ.கூடப் போகும். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒருவனுக்கு 12லேயே தொடங்கிவிடும், இன்னொருவனுக்கு 15, 16 ஆகும். ஆகவே ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பையன்களின் உடம்புக்கு இடையில் சில வருடங்கள் இருக்கலாம். இதில் பிறந்த மாதமும் சேர்ந்துகொள்ளும். முந்தைய மூன்று வருடப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். நான் முதல் பதினொன்றில் வைத்தவர்கள் பெரும்பாலும் வருடத்தின் முதல் நாலைந்து மாதத்தில் பிறந்தவர்கள். ஆட்டத்தைப் பார்த்து எடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி வேலையைக் காலண்டர் செய்திருக்கிறது.

(எங்கள் தலைமுறையில் இந்தக் கணக்கே போட முடியாது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது காணாத பிள்ளைக்கு வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். என் சான்றிதழ் மே மாதம் என்கிறது, கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகஸ்ட் என்கிறது. இப்போது எல்லாம் மருத்துவமனைப் பிரசவம், தேதி சரியாக இருக்கிறது.)

பிள்ளை உடம்பில் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று எக்ஸ்ரே இல்லாமல் மதிப்பிட 1994இல் வந்த காமிஸ், ரோச் முறை என்று ஒன்று இருக்கிறது. பையனின் வயது, உயரம், எடை, அப்பா அம்மா உயரம் இவை போதும். முழு வளர்ச்சியில் அவன் எவ்வளவு உயரம் இருப்பான் என்று வரும், இப்போது அதில் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்றும் வரும். பெரும்பாலும் 90 சதவீதத்தையொட்டித்தான் உயரம் வேகமாக இழுக்கும். அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் பிள்ளைகளுக்கு அப்படியே ஒட்டாது, சில செ.மீ. முன்பின் போகும். ஒரு குத்துமதிப்புக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அப்பாவின் உயரம் வேண்டுமே. எங்கள் ஊர் அப்பாமார் தங்குகடல்காரர்கள். கொச்சியில் இருந்து போட்டில் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதுவரை காத்திருந்தேன். ஜூனில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்கு மண்டபச் சுவரில் டேப்பை ஒட்டி, பையன்களையும் அப்பா அம்மாக்களையும் வரிசையில் நிறுத்தினோம். பென்சிலால் கோடு, பக்கத்தில் பனியன் நம்பர். ஒரே சிரிப்பு. "எதுக்கு தம்பி, எங்களையும் டீம்ல எடுக்கப் போறியா?" என்று ஒருவர் கேட்டார்.

பதினாறின் அப்பா அன்று வந்தார். அவரை நான் கரையில் வலை பின்ன உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மண்டபத்தின் பக்கவாட்டு வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தார். 178 செ.மீ. அவர் மகனைத்தான் "இவனுக்கு சைஸ் இல்லை" என்று இரண்டு வருடம் உட்கார வைத்திருந்தேன்.

கணக்கில் ஒன்பது 94 சதவீதம் நெருங்கியிருந்தான். பதினாறு 83தான். எழுவர் மைதானத்தில் ஒருவனை ஒருவன் மேல் ஏவிவிட்டு, ஜெயிக்கிறவனுக்குத் திறமை என்று பெயர் வைத்திருந்தேன்.

இங்கிலாந்தில் தொழில்முறை கிளப்புகளின் சிறுவர் அணிகளில் 2015 வாக்கில் ஒரு முறையைச் சோதித்தார்கள். பிறந்த வருடத்தை விட்டுவிட்டு, முழு உயரத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எட்டியவர்களை ஒன்றாகச் சேர்த்து ஆட விட்டார்கள். முன்னாலேயே வளர்ந்த பையன்கள், உடம்பால் சமாளிக்க முடியாமல் யோசித்து ஆட வேண்டியிருந்தது என்றார்கள். தாமதமாக வளர்கிறவர்கள், பந்தைத் தொடவும் ஆட்டத்தை நடத்தவும் இப்போதுதான் இடம் கிடைத்தது என்றார்கள். வயதுப் பிரிவை அவர்கள் ஒழிக்கவில்லை, நடுநடுவே இப்படியும் ஆடவைத்தார்கள். நானும் அதையே செய்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, உடம்பை வைத்துப் பிரித்த ஆட்டம்.

முதல் சனிக்கிழமை ஒன்பதை 15 வயதுக்காரர்களோடு இறக்கினேன். அதற்குள் முழங்கால் கொஞ்சம் அடங்கியிருந்தது. 20 நிமிடம் மட்டும், குதிப்பது கூடாது என்று பேச்சு. முதல் பந்து வந்தது, வழக்கம்போலத் தோளைக் கொடுத்தான், எதிரில் இருந்தவன் அசையவில்லை. இரண்டாவது பந்தும் போனது. மூன்றாவதில் இடதுகாலால் தட்டியிருந்தால் வெளியே வந்திருப்பான். ஆனால் அவனுக்கு இடதுகால் பழக்கமே இல்லை. பழக அவசியம் வந்ததில்லை, நானும் பழக்கவில்லை. பன்னிரண்டாம் நிமிடத்தில் பனியனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போய், தேவாலயப் படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

அதே நேரம் அடுத்த பாதி மைதானத்தில் பதினாறு. அவனைத் திரும்ப வரவழைக்க வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். அவன் அப்பா சொன்னதால் வந்தான் என்று நினைக்கிறேன், எனக்காக வரவில்லை. 12 வயதுக்காரர்களோடு விட்டேன். பந்து வருவதற்கு முன்பே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான். வந்ததும் யாருக்குத் தர வேண்டுமோ அவனுக்கு ஒரே தட்டில் போனது. தந்துவிட்டு நிற்கவில்லை, காலி இடத்துக்கு ஓடினான். இரண்டு வருடமாக அவன் செய்தது இதுதான். பெரிய பையன் வந்து இடிப்பதற்குள் பந்தை விட்டுவிட வேண்டும் என்பதால் முன்கூட்டியே பார்க்கப் பழகியிருக்கிறான். அதற்குத்தான் பயம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாம் சைஸ் பந்து 410 முதல் 450 கிராம். 12 வயதுவரை உள்ளவர்களுக்கு அதை நிறுத்தி நாலாம் சைஸ் வாங்கினோம், 350 முதல் 390 கிராம். கால் வீசுகிற விதமே மாறியது. முழு அளவு கோல் கம்பம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஒரு 12 வயதுக் கோல்கீப்பர் குதித்தாலும் மேல் கம்பியைத் தொட மாட்டான், எதிரணி உயரத் தூக்கி அடித்தே கோல் போட்டுக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் அப்போது 11, 12 வயதுப் பிரிவுகளில் ஒன்பது பேர் ஆட்டம், சின்னக் கம்பம். நாங்கள் 13 வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டோம். மூங்கிலில் கட்டிக்கொண்டோம், செலவில்லை. சின்னவர்களுக்குத் தலையால் முட்டும் பயிற்சியை எடுத்துவிட்டேன். அமெரிக்காவில் 2015இலேயே 10 வயதுவரை தடை செய்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஃபிஃபாவின் 11 பிளஸ் கிட்ஸ் உடற்பயிற்சி: ஒற்றைக்காலில் நிற்பது, குதித்துச் சரியாக இறங்குவது, விழப் பழகுவது. பையன்களுக்குச் சலிப்பு, ஆனால் செய்தார்கள். பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுவரில் உயரம். ஒரு காலாண்டில் இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறினால் அவனுக்கு அந்தக் காலம் முழுக்கப் பயிற்சி பாதி. இந்த இரண்டு செ.மீ. எல்லை நானாக வைத்தது, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பள்ளியில் பேச வேண்டியிருந்தது. பி.இ.டி. சாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 என்ற மூன்று பிரிவில்தான் நடக்கின்றன. ஆறாம் வகுப்புக்காரனும் எட்டாம் வகுப்புக்காரனும் ஒரே பிரிவில் முழு மைதானத்தில் பதினொருவர் ஆட்டம் ஆட வேண்டும். இருக்கிற ஒரு மைதானத்தில் அவர் வேறென்ன செய்வார்? காலைப் பயிற்சியில் இரண்டு நாள் ஒன்பதை விட்டுவிடுவதாக ஒத்துக்கொண்டார். போட்டி அன்று மட்டும் கேட்க வேண்டாம் என்றார்.

திருவிழாக் கமிட்டியோடு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஆனால் அதைவிடக் கஷ்டமானது ஒன்பதின் அப்பாவின் முகம். ஜூன் கடைசியில் ஒரு நாள் மைதானத்துக்கு வந்தார். மகன் கோட்டுக்கு வெளியே கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "தம்பி, வருசத்துல ரெண்டு மாசந்தான் நான் கரையில இருக்கேன். அப்பந்தான் எம்பிள்ள ஆட்டத்தப் பாக்க முடியும். அந்த ரெண்டு மாசமும் நீ அவன உக்கார வச்சா நான் எங்க போயிப் பாக்க?"

என்னிடம் பதில் இல்லை. டாக்டர் சொன்னதை அவரிடம் திருப்பிச் சொல்லலாம், அது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது. மறுநாள் அவரையே வரச் சொன்னேன். அந்த இரண்டு மாதமும் கடல் ஏறி மணல் இருக்காது, எல்லாரும் தேவாலய மைதானத்தில்தான். மகன் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை குதிக்கிறான், எத்தனை தடவை ஓங்கி அடிக்கிறான் என்று எண்ணச் சொல்லி ஒரு நோட்டைக் கொடுத்தேன். கடலில் பாடு கணக்கு எழுதுகிற கை, அழகாகக் கட்டம் போட்டு எழுதினார். இரண்டாவது வாரம் அவரே, "மக்கா, இண்ணைக்குப் போதும், வா" என்று மகனைக் கூப்பிட்டார். ஜூலையில் அப்பாவும் மகனும் மழையில் இடதுகாலால் மட்டும் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்ததில்லை அது.

அந்த சீசன் நாங்கள் எல்லாவற்றிலும் தோற்றோம். நீட்டி அடிக்க ஆள் இல்லை, சின்னச் சின்னப் பாஸ் இன்னும் வரவில்லை. பக்கத்து ஊரில் முதல் சுற்றிலேயே வெளியே. "கோச்சுக்கு வலைக்கடையே போதும்" என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். மூன்று பையன்களை வேறு பயிற்சிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒன்பதுக்கு வலி போக ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது, முழங்காலுக்குக் கீழே அந்த மேடு இப்போதும் தெரியும். 15 வயதில் அவனைவிட உயரமாக ஆறு பேர் வந்துவிட்டார்கள். அந்த வருடம் அவனுக்கு மோசமான வருடம். சின்ன வயதில் எல்லாரும் தோளில் தூக்கிய பையன் பெஞ்சில் இருந்தான். இரண்டு மாதம் வரவேயில்லை. திரும்பி வந்து இப்போது பள்ளியின் 17 வயது அணியில் டிஃபென்ஸில் ஆடுகிறான், இடதுகாலும் வருகிறது.

பதினாறு 14 வயது முடிந்த பிறகுதான் இழுக்கத் தொடங்கினான். ஒரே வருடத்தில் 10 செ.மீ. அப்போது அவன் ஆட்டம் கெட்டுப்போனது. கால் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை, சும்மா வருகிற பந்தும் தடுக்கி ஓடியது. முந்தைய நானாக இருந்தால், இவன் தேற மாட்டான் என்று முடிவு கட்டியிருப்பேன். சுவரில் கோடு ஏறியதைப் பார்த்திருந்ததால் சுமையைக் குறைத்தேன், பந்தோடு எளிய பழக்கம் மட்டும் கொடுத்தேன். எட்டு மாதத்தில் சரியானான். அவன் பெரிய ஆளாக வருவானா என்று இப்போது யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. 17 வயது அணியின் நடுக்களத்தில் நன்றாக ஆடுகிறான், அவ்வளவுதான்.

இதெல்லாம் அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். போட்டிகள் குறைந்ததே காரணமாக இருக்கலாம். அப்பா நோட்டு எழுதியது காரணமாக இருக்கலாம். ஒரு ஊர், 22 பையன்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சியின் உச்சம் 12 வயதையொட்டியே வந்துவிடும், அவர்களுக்கு வேறு கணக்கு வேண்டும். எங்கள் ஊரில் அந்த வயதில்தான் அவர்கள் மைதானத்துக்கு வருவதே நிற்கிறது, நான் அதில் இன்னும் எதுவும் செய்யவில்லை.

நாலாம் நம்பர் திரும்ப வரவில்லை. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவன் அம்மா கட்டன்சாயா கொடுத்துவிட்டு, "அவனுக்கு இப்பம் பந்துல விருப்பமில்ல" என்றார். பையன் உள்ளறையில் இருந்தான், செல்போன் சத்தம் கேட்டது. அவன் இப்போது என்னைவிட உயரம்.

போன திருவிழாவுக்குப் பங்கு மண்டபத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். மூன்று வருடக் கோடுகளும் போயின. எண்கள் நோட்டில் இருக்கின்றன. தடைக்காலத்துக்கு வந்திருந்த ஒன்பதின் அப்பா மண்டபத்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னிடம் டேப் இருக்கிறதா என்று கேட்டார்.